பக்கற் சாப்பாடும் நாலு மணி அவாவும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் ஒருநாள் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அரை மணித்தியாலம் என்று தொடங்கிய பேச்சு, மாடு கட்டும் நேரம் வரை போனது. அன்று கேட்ட கேள்விகளையும், பிறகு சந்தியிலும் பஸ்ஸிலும் கேட்டவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அவைதான் இவை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வைத்தியர் இல்லை. கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் கதிரையில் இருந்து வேலை செய்கிறவள். சில வருடங்களுக்கு முன் இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பரிசோதனையில் வந்தது. "ஒரு நாளைக்கு என்ன என்ன குடிக்கிறீங்கள்?" என்று தாதி கேட்டபோது நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு வாசித்ததும் செய்து பார்த்ததும்தான் இங்கே இருக்கின்றன.

பக்கற் சாப்பாடு கூடாது என்றால், பக்கற்றில் வருகிற எல்லாமா?

இல்லை. பருப்பும் பக்கற்றில்தான் வருகிறது, அரிசியும் வருகிறது. பக்கற்றை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பாருங்கள்.

பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்தெய்ரோ என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2009 அளவில் உணவுகளைப் பதப்படுத்தும் விதத்தை வைத்துப் பிரிக்கத் தொடங்கினார்கள், இப்போது அதில் நாலு கூட்டம். அதற்கு நோவா வகைப்பாடு என்று பெயர். முதலாவது கூட்டம் இயற்கையாக இருப்பதும் சின்ன மாற்றத்தோடு வருவதும்: அரிசி, பயறு, மீன், முட்டை, மரக்கறி, சீனி சேர்க்காத பால்மா. இரண்டாவது சமையலுக்குச் சேர்ப்பவை: எண்ணெய், சீனி, உப்பு. மூன்றாவது இந்த இரண்டையும் சேர்த்து எளிமையாகப் பதப்படுத்தியது: கருவாடு, ரின்மீன், ஊறுகாய். நாலாவதுதான் அதி பதப்படுத்தப்பட்ட உணவு. தொழிற்சாலையில் தானியத்தையும் எண்ணெயையும் கூறு கூறாகப் பிரித்து, நிறமும் மணமும் சுவையும் ஏற்றி, மாதக்கணக்கில் கெடாமல் கட்டி அனுப்புவது. சோடா, நூடில்ஸ், கிறீம் பிஸ்கற், சொசேஜஸ், சுவையூட்டிய பால், பக்கற்றில் வரும் சூப்மா எல்லாம் இதற்குள் வரும்.

நான் செய்யும் சோதனை சுலபமானது. வீட்டில் கிடந்த ஒரு கிறீம் பிஸ்கற் பக்கற்றைத் திருப்பிப் பார்த்தேன். கோதுமை மா, சீனி, தாவர எண்ணெய் வரைக்கும் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு குளுக்கோஸ் பாகு, குழம்பாக்கி, அனுமதிக்கப்பட்ட நிறமூட்டி, செயற்கைச் சுவையூட்டி என்று போனது. என்னுடைய குசினியில் குழம்பாக்கி என்று எழுதிய போத்தல் ஒன்றும் இல்லை. உங்கள் குசினியிலும் இருக்காது. குசினியில் இல்லாத சாமான் அரைவாசி இருந்தால் அது நாலாவது கூட்டம்.

பாண்?

மா, ஈஸ்ட், உப்பு, தண்ணீர் மட்டும் போட்டுப் பக்கத்து ஊர் பேக்கரியில் போடும் பாண் மூன்றாவது கூட்டம். நீளமான சேர்மானப் பட்டியலோடு, துண்டு துண்டாக வெட்டிப் பொலித்தீனில் வருவது பெரும்பாலும் நாலாவது. எதுவானாலும் வெள்ளை மாதான். காலையில் பாணும் சம்பலும் மட்டும் சாப்பிட்டால் பத்தரைக்கே வயிறு கூப்பிடும். பாண் வாங்கினால் பருப்போ முட்டையோ கூட இருக்கட்டும்.

சோயாமீற்றை விட்டால் எங்களுக்குக் கறியே இல்லையே?

வன்னியில் இந்தக் கேள்வி வராத கூட்டம் இல்லை. சந்தைக்குப் போக முடியாத நாளில் கைகொடுப்பது சோயாமீற்தான். வகைப்படி பார்த்தால் அதுவும் நாலாவது கூட்டம். ஆனாலும் அதில் புரதம் இருக்கிறது, சோடாவையும் அதையும் ஒரே தராசில் வைக்க நான் ஆயத்தமில்லை. உள்ளே வருகிற சின்னச் சுவைத்தூள் பைக்கற்றைத்தான் கவனிக்க வேண்டும், அதில் உப்பு அதிகம். அதைப் போடாமல், கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து, உங்களுடைய மிளகாய்த்தூளில் பால்விட்டுக் கறி வையுங்கள். முதல் நாள் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். எங்கள் வீட்டில் மூன்றாம் முறை யாரும் கவனிக்கவில்லை.

கிளினிக்கில் தருகிற திரிபோஷாவும் அப்படித்தானே? நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். சோளமும் சோயாவும் பால்மாவும் விற்றமினும் சேர்த்து, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் என்று செய்யப்படுவது அது. எந்தப் பட்டியலை வாசித்தாலும் குடும்ப நல உத்தியோகத்தர் சொல்வதற்கு மேலால் போகாதீர்கள். தவறுவது எங்கே என்றால், பிள்ளைக்குத் தந்த திரிபோஷாவை வீட்டில் எல்லோரும் சீனி போட்டு உருண்டை பிடித்துச் சாப்பிடுவதில்தான்.

ஒரு பிஸ்கற் என்று எடுத்தால் பக்கற் முடியும் வரை நிறுத்த முடியவில்லை. எனக்கு மன உறுதி இல்லையா?

நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தில் கெவின் ஹோல் என்பவர் தலைமையில் ஒரு பரிசோதனை நடந்தது, முடிவு 2019 இல் வெளிவந்தது. 20 பேரை நாலு கிழமை அங்கேயே தங்கவைத்து, இரண்டு கிழமை அதி பதப்படுத்திய உணவும், இரண்டு கிழமை சாதாரண உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சீனி, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழச் சமன். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள். அது ஏறக்குறைய இரண்டரைக் கோப்பைச் சோறு. இரண்டு கிழமையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடினார்கள். மற்ற இரண்டு கிழமையில் அதே அளவு குறைந்தார்கள். ஆள் ஒன்று, மன உறுதியும் ஒன்று, மாறியது தட்டு மட்டும்.

ஏன் அப்படி? முழுக் காரணமும் இன்னும் ஆராய்கிறார்கள். ஒன்று தெளிவாகத் தெரிந்தது, அந்த உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். குரக்கன் ரொட்டியை மென்று விழுங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, கிறீம் பிஸ்கற் வாயில் கரைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வயிறு போதும் என்று சொல்லி முடிப்பதற்குள் பக்கற் முடிந்துவிடும். அதோடு, சீனியும் கொழுப்பும் ஒன்றாகக் கூடிய சாப்பாடு காட்டிலும் வயலிலும் இலேசில் கிடைக்காது. தேனில் கொழுப்பு இல்லை, கச்சானில் சீனி மிகக் குறைவு. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் மூளை விடுமா?

அப்புறம், பழக்கம். பின்னேரம் பாண் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் வரும்போது ஒரு பாட்டுப் போடும், உங்களுக்கும் தெரியும். அந்தப் பாட்டுக் கேட்டதும் எனக்கு வாய் ஊறும். பசி இருந்ததா இல்லையா என்று யோசிப்பதற்கு முன்னமே கால் படலைக்குப் போய்விடும். ஒருநாள் கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரிசையில் யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில் அதே மெட்டு அடித்தது. காலை எட்டரை மணி, வயிறு நிறைய இடியப்பம். அப்படி இருந்தும் எனக்கு உள்ளே மீன் வைத்த மாலு பணிஸ் வேண்டும் போல இருந்தது!

சரியாக நாலு மணிக்கு அவா வருகிறது. என்ன செய்வது?

மதியம் எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள்? நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இது. சங்கத்தில் இதைக் கேட்டபோது இருந்த பெண்களில் அரைவாசிப் பேர் சிரித்தார்கள். காலையில் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும். பிள்ளைகளை அனுப்பி, ஆட்டுக்குக் குழை வெட்டி, சமைத்து, எல்லோருக்கும் போட்டு, மிஞ்சிய சோற்றைக் குழம்போடு பிரட்டிச் சாப்பிடும்போது மூன்று மணி. மீன்துண்டு முடிந்திருக்கும். பிறகு நாலு மணிக்கு இனிப்பு வேண்டும் என்றால் அதை அவா என்று ஏன் சொல்ல வேண்டும்? அது பசி. காலையில் இருந்து கடனாக நின்ற பசி.

இதற்குப் பத்து நிமிடம் பொறுத்துப் பார், தண்ணீர் குடித்துப் பார் என்று அறிவுரை சொல்வது நியாயமில்லை. காலைச் சாப்பாட்டைத் திருத்த வேண்டும். அவித்த பயறோ கௌபியோ ஒரு கோப்பை, அல்லது பிட்டோடு ஒரு முட்டை, அல்லது முதல் நாள் இரவே எடுத்து வைத்த மீன். கடைசி வசனத்தை இன்னொரு தரம் வாசியுங்கள்: எடுத்து வைத்த மீன். உங்கள் பங்கைச் சட்டியில் இருந்து முதலிலேயே எடுத்து மூடி வைத்துவிடுங்கள். இதைச் சொன்னபோது ஒரு அம்மா, "பிள்ளைகளுக்கு முதல் எனக்கு எடுக்கிறதோ?" என்றார். ஓம் அம்மா, உங்களுக்கும்தான்.

காலையும் மதியமும் ஒழுங்காகச் சாப்பிட்டும் வருகிற ஆசை வேறு வகை. அது அலை மாதிரி ஏறி இறங்கும். அந்த நேரம் கையை எதிலாவது போட்டுவிட வேண்டும். நான் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றப் போவேன். பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஒரு துண்டை எடுத்து, பக்கற்றை மூடி வைத்துவிட்டு, இருந்து சாப்பிடுவேன். நின்றுகொண்டு பக்கற்றுக்குள் கைவிட்டுச் சாப்பிட்டால் கணக்கே தெரியாது.

நித்திரையையும் பாருங்கள். நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் ஹோர்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹோர்மோன் குறைகிறது. இரவு நெல்லுக்கு யானைக் காவல் இருந்துவிட்டு வருகிறவருக்கு அடுத்த நாள் சோடாவும் பணிஸும் கேட்பதில் புதினம் இல்லை.

ஒரேயடியாக நிறுத்துவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

குடிப்பதில் இருந்து தொடங்குங்கள். கடிக்கும் உணவு வயிற்றில் நிற்கும் அளவுக்குக் குடிக்கும் சீனி நிற்காது. உள்ளே போனதே தெரியாது.

2016 இல் இருந்து இலங்கையில் மென்பானப் போத்தல்களில் நிற அடையாளம் போட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 இல் இருந்து 11 வரை என்றால் செம்மஞ்சள், 2 இலும் குறைவு என்றால் பச்சை. சிவப்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் செம்மஞ்சளைக் கண்டு ஆறுதல்படுகிறார்கள். அங்கேதான் கணக்கு இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் என்றால் அது செம்மஞ்சள். 400 மில்லிலீற்றர் போத்தலை முடித்தால் 40 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டி. சேர்த்த சீனியையும் பழச்சாறு, தேன் போன்றவற்றில் இருக்கும் சீனியையும் ஒரு நாளின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முடிந்தால் இருபதில் ஒரு பங்கு, அது கிட்டத்தட்ட 25 கிராம். ஒரு போத்தலோடு அந்தக் கணக்குத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு நாலு தேத்தண்ணி இருக்கிறது.

நான் செய்தது இப்படி. முதல் மாதம் சோடா மட்டும். தினமும் ஒன்று குடித்தவள், ஒன்றைவிட்டு ஒரு நாள், பிறகு சனிக்கிழமை மட்டும். கோலா வகைகளில் கஃபீன் இருப்பதால் திடீரென்று விட்டால் சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலையிடிக்கும், அதைக் கண்டு பயந்து திரும்பிப் போக வேண்டாம். இரண்டாம் மாதம் தேத்தண்ணிச் சீனி. இரண்டு கரண்டியை ஒன்றரை ஆக்கினேன், இரண்டு கிழமை கழித்து ஒன்று. இப்போது கலியாண வீட்டுத் தேத்தண்ணி எனக்குப் பாகு மாதிரி இருக்கிறது.

சீனிக்குப் பதில் பனங்கட்டி நல்லதுதானே?

அதுவும் சீனிதான். ஆனால் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கிற எங்கள் பழைய வழக்கத்தில் ஒரு நன்மை இருக்கிறது: எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். சின்னத் துண்டாக உடைத்து வையுங்கள்.

வயலில் பத்து மணித் தேத்தண்ணிக்குப் பணிஸ் கொடுக்காவிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள்.

வருவார்கள், வேறு ஏதாவது கொடுத்தால். வெறும் தேத்தண்ணி கொடுத்தால்தான் வரமாட்டார்கள். வியர்வை சிந்துகிறவருக்குச் சக்தி வேண்டும், இதில் கலோரி குறைக்கும் கதையே இல்லை. அவித்த கௌபியில் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் தாளித்துப் போட்டுக் கொண்டுபோங்கள். மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும் இருந்தால் பணிஸை யாரும் தேட மாட்டார்கள். வெயிலுக்குச் சோடாவுக்குப் பதில் மோரில் தேசிக்காயும் உப்பும். எங்கள் பக்கத்து வயல்காரர் பழங்கஞ்சியில் வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டுப் பெரிய கேத்தலில் கொண்டுவருவார். கூலிக்கு வந்த பெடியங்கள் முதலில் நக்கல் அடித்தார்கள். இப்போது கேத்தலின் அடியைச் சுரண்டுகிறார்கள்.

பக்கற்தான் மலிவு. நல்ல சாப்பாடு பணக்காரருக்கு.

பாதி உண்மை. ஒரு நூடில்ஸ் பக்கற்றின் விலைக்கு மீன் வாங்க முடியாது. ஆனால் நிறையைப் பார்த்து வாங்கினால் கதை மாறும். பக்கற்றின் விலையை அதன் கிராமால் பிரித்து, 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பிஸ்கற், மிக்சர், மணமூட்டிய மால்ற் மா இவற்றைப் பயறோடும் கௌபியோடும் கச்சானோடும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

மலிவில்லாதது நேரம். குரக்கன் மா வறுத்துப் பிட்டு அவிப்பதற்கும் நூடில்ஸுக்கு வெந்நீர் வைப்பதற்கும் இடையில் உள்ள ஒரு மணித்தியாலத்தை யார் கொடுப்பது? காலை ஆறரைக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ் பிடிக்கிற பிள்ளையிடம் போய் "அம்மம்மா காலத்தில் எல்லாம் உரலில் இடித்தார்கள்" என்று சொல்கிற ஆம்பிளைகளுக்கு நான் ஒரு உலக்கை பரிசளிக்கலாம் என்று இருக்கிறேன். இரவு பயறு ஊறப்போடுவதும், தேங்காய் துருவுவதும், காலையில் அடுப்பில் ஏற்றுவதும் பெண் பிறவிக்கு மட்டும் எழுதப்பட்ட வேலை அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக இருந்து மாவை வறுத்துப் போத்தலில் போட்டால் கிழமை முழுதும் காணும்.

பிள்ளை கேட்டு அழுகிறது. அம்மம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறார்.

இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மம்மாமார் யுத்தத்தால் சாமான் தடை இருந்த காலத்தில் பிள்ளை வளர்த்தவர்கள். ஒரு சொக்லேற் கண்ணில் படுவதே புதினமாக இருந்த வருடங்கள் அவை. பிறகு 2009 இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். முகாமில் நிவாரண மாவைப் பிசைந்து ரொட்டி சுட்டார்கள். பசியில் அழுத பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் இருந்தவருக்கு, இன்று பேரப்பிள்ளை கடையைக் காட்டி அழும்போது கையில் காசு இருக்கிறது. அவர் வாங்கிக் கொடுப்பது பிஸ்கற் மட்டுமா? அதனால் "ஏன் இதெல்லாம் வாங்கிக் குடுக்கிறீங்கள்" என்று சத்தம் போட்டால் அது அவருக்கு வேறு எங்கோ போய்க் குத்தும்.

எங்கள் வீட்டில் நான் சத்தம் போட்டுத்தான் தொடங்கினேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு வழியை மாற்றி, அவரிடம் உதவி கேட்டேன். "இவனுக்கு எள்ளுருண்டை தெரியாது அம்மா, நீங்கள் பிடிக்கிற மாதிரி எனக்கு வராது" என்றேன். பொய்யும் இல்லை, எனக்கு உண்மையாகவே வராது, பாகு கெட்டியாகிவிடும். அன்று பின்னேரம் எள்ளை வறுத்து, உரலில் பனங்கட்டியோடு இடித்து, மகனின் கையில் ஒரு சின்ன உலக்கையையும் கொடுத்துவிட்டார். இடித்ததில் பாதியை அவன் உரலிலேயே தின்றான். அதிலும் இனிப்பு இருக்கிறதுதான். ஆனால் இரண்டு உருண்டைக்கு மேல் யாராலும் தின்ன முடியாது.

மற்றவை சுருக்கமாக. வீட்டில் வாங்கி அடுக்கி வைக்காதீர்கள், இருந்தால் கேட்கத்தான் செய்யும். முழுக்கத் தடை போடாதீர்கள், தடை போட்டால் ரியூஷன் போகும் வழியில் வாங்கித் தின்னும். "சோறு முடித்தால் சொக்லேற்" என்று பேரம் பேசாதீர்கள். சோறு தண்டனை, சொக்லேற் பரிசு என்று பிள்ளை படித்துக்கொள்ளும். கிழமையில் ஒரு நாள் கடைநாள் என்று வையுங்கள், அன்று பிள்ளை தானே தெரிவு செய்யட்டும்.

வெளிநாட்டில் இருந்து மாமா வந்து ஒரு பெட்டி நிறையச் சொக்லேற் தந்துவிட்டார்.

நன்றி சொல்லி வாங்குங்கள். அன்றே பங்கு வையுங்கள்: அயல் வீடு, பாலர் பாடசாலை, கோயில் ஐயர் வீடு. மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியின் முன்தட்டில் வைக்காமல், எடுக்க ஏணி வேண்டிய இடத்தில் வையுங்கள். அடுத்த முறை என்ன வேண்டும் என்று மாமா கேட்டால் நல்ல சப்பாத்து ஒரு சோடி கேளுங்கள்.

பசி இல்லை, கவலை வந்தால் சாப்பிடுகிறேன். இரவில்தான் அதிகம்.

இதை ஒருவர் கூட்டத்தில் கேட்கவில்லை. எல்லோரும் எழும்பிப் போன பிறகு, செருப்பு மாட்டிக்கொண்டு கேட்டார். வீட்டில் ஒருவர் இல்லாமல் போன பிறகு தொடங்கியதாம். இந்த மண்ணில் அப்படி எத்தனை வீடு.

இனிப்புச் சாப்பிட்டால் கொஞ்ச நேரம் மனம் இலேசாவது உண்மை, அதனால்தான் கை போகிறது. அதற்காக உங்களை நீங்களே ஏசிக்கொண்டால் கவலை இரட்டிப்பாகி இன்னொரு பக்கற் உடையும். செய்யக்கூடியது ஒன்று: இரவுச் சாப்பாட்டைப் பிந்தாமல், வயிறு நிறையச் சாப்பிடுங்கள். சாப்பாட்டைத் தவிர இன்னொரு ஆறுதலையும் பக்கத்தில் வைத்திருங்கள், அது ஒரு அயலாளாக இருக்கலாம், தொலைபேசியில் ஒரு தங்கையாக இருக்கலாம். அந்தப் பெண் இப்போது இரவு எட்டு மணிக்கு முல்லைத்தீவில் இருக்கும் அக்காவோடு கதைக்கிறார். பிஸ்கற் இன்னும் சாப்பிடுகிறார், ஆனால் குறைவாக.

தின்று குவித்துவிட்டு வாந்தி எடுக்கிறீர்கள், அல்லது நித்திரையும் இல்லாமல் எதிலும் பிடிப்பில்லாமல் கிழமைக்கணக்கில் போகிறது என்றால் இது சாப்பாட்டுப் பிரச்சினை அல்ல. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறேன். நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்தவா?

வேண்டாம். இன்சுலினோ சில குளிசைகளோ எடுப்பவர் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சீனி கீழே விழும். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வரும். கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவையும் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பையில் ரொபியோ குளுக்கோஸோ வைத்திருக்கச் சொல்லியிருந்தால் அது இருக்கட்டும், அது அவா அல்ல, மருந்து.

சிறுநீரக நோய் உள்ளவர்கள், வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் இது குறைவில்லை, உப்புள்ள பக்கற் சாப்பாட்டைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் அதற்குப் பதிலாக இளநீர், கீரை, கச்சான் என்று நான் சொல்வதை அப்படியே எடுக்க வேண்டாம். பொட்டாசியம் கூடிய உணவு சிலருக்கு ஆபத்து. உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

35 வயதுக்கு மேற்பட்டவர்கள் அரசாங்க வைத்தியசாலையின் சுகவாழ்வு நிலையத்தில் சீனி, இரத்த அழுத்தம், நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். நானும் அப்படிப் போய்த்தான் பிடிபட்டேன்.

சொசேஜஸ் பிள்ளைகளுக்கு வாராவாரம் பொரிக்கிறேன், பரவாயில்லையா?

குறையுங்கள். பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 இல் முதலாம் வகையில் சேர்த்தது. எப்போதாவது ஒரு துண்டு சாப்பிட்டால் வரும் என்பதில்லை, வாடிக்கையாக்க வேண்டாம். இரணைமடுக் குளத்து மீன் இருக்கும் ஊரில் சொசேஜஸுக்கு என்ன வேலை?

சரி, அதற்குப் பதில் என்னதான் தின்பது?

எங்களுக்குப் பஞ்சமா? ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எல்லோரும் வாங்குவது என்ன, கச்சான். 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். கலோரியும் கூடத்தான், அதனால் ஒரு கைப்பிடி. கோதோடு வாங்குங்கள். உடைத்து உடைத்துத் தின்பதற்குள் அவாவும் தணிந்துவிடும், பக்கத்தில் இருப்பவரோடு நாலு கதையும் கதைக்கலாம்.

வைகாசி தொடங்கி ஆடி வரை பாலைப்பழம். அதன் இனிப்புக்கு எந்த ரொபியும் கிட்ட வராது, உதடு ஒட்டும். காட்டில் பொறுக்கப் போகிறவர்கள் கவனம், கரடிக்கும் இதே அவாதான். விளாம்பழத்தைக் கொஞ்சம் பனங்கட்டியோடு பிசைந்தால் புளிப்பும் இனிப்பும் ஒன்றாக வரும், நான் சொக்லேற்றை மறந்தது இதில்தான். தையில் பனங்கிழங்கு, அதை அவித்துக் காயவைத்தால் வருடம் முழுதும் போத்தலில் புழுக்கொடியல். மொறுமொறு என்று ஏதாவது கடிக்க வேண்டும் என்றவர்களுக்குப் புழுக்கொடியலைவிடக் கடினமான ஒன்றைக் காட்டட்டும் பார்ப்போம். எருமைத்தயிர், கொய்யா, வற்றாளங்கிழங்கு, சோளம் அவித்தது.

குரக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லதுதான், கல்சியமும் நாரும் உண்டு. ஆனால் அதிலும் 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாப்பொருள்தான். குரக்கன் என்பதற்காக நாலு ரொட்டி சாப்பிடுகிற நீரிழிவுக்காரரை எனக்குத் தெரியும். அவர் என் சித்தப்பா. குரக்கன் என்று பெயர் போட்ட பிஸ்கற்றையும் திருப்பிப் பாருங்கள், முதலாவதாகக் கோதுமை மாவும் இரண்டாவதாகச் சீனியும் இருந்தால் அது பெயருக்குத்தான் குரக்கன்.

நாக்கு எத்தனை நாளில் மாறும்?

உப்புக்கும் இனிப்புக்கும் சில வாரங்கள். முதல் பத்து நாள்தான் எல்லாமே சப்பென்று இருக்கும். இடையில் ஒருநாள் ஒரு பக்கற் முழுதும் தின்றுவிட்டால் அடுத்த நாள் பட்டினி கிடக்க வேண்டாம், பட்டினியின் பின்னேரம்தான் அடுத்த பக்கற் உடையும். வழமை போலக் காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

நீங்கள் இப்போது இதொன்றும் தொடுவதே இல்லையா?

யார் சொன்னது? பாண் ஓட்டோக்காரத் தம்பிக்கு என்னைத் தெரியும். முன்பு கை காட்டாமலே நிற்பாட்டுவார். இப்போது வெள்ளிக்கிழமையில் மட்டும் எங்கள் படலையடியில் மெதுவாக்குகிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் பாட்டுக் கேட்டது. போய் ஒரு மாலு பணிஸ் வாங்கினேன். "ஒண்டுதானோ அக்கா?" என்றார். ஒன்றுதான். மகனுக்குப் பாதி கொடுக்க வேண்டி வந்தது.